சுவரில் எழுதப்படாத வரி

பெங்களூருவின் திருநங்கையர் சுவரோவியங்களைப் பற்றிய ஆய்வுரைகளில் ஒரு சொல் தவறாமல் வந்துவிடுகிறது: புலப்பாடு. மறைக்கப்பட்டவர்கள் சுவரில் புலப்பட்டார்கள்; ஆகவே பொதுவெளி மீட்கப்பட்டது; ஆகவே நகரம் மாறிற்று. இம்மூன்று படிகளில் முதலாவது மட்டுமே உண்மை. இரண்டாவது ஒரு விருப்பம். மூன்றாவது, கருத்தரங்க அமர்வு முடிந்து தேநீருக்கு எழுவதற்கு முன் சொல்லப்படும் வாழ்த்துரை. பால்புதுமையர் கலையைப் படிக்கிறோம் என்று சொல்லிக்கொள்ளும் துறைகள் இந்த வாழ்த்துரையை ஆய்வு முடிவாக ஏற்றுக்கொண்டிருப்பதால், சுவரை வரைந்தவரின் தொழிலும் கூலியும் வாடகையும் அவர்மீது பாயும் சட்டமும் ஆய்வேட்டுக்கு வெளியே நின்றுபோயின. எஞ்சியது அவரது உடல் மட்டும்.

பேசப்படும் பொருள் இது. 2016ஆம் ஆண்டு பூர்ணிமா சுகுமார் பெங்களூருவில் தொடங்கிய ‘அரவாணி ஆர்ட் ப்ராஜெக்ட்’, திருநங்கையரும் மற்றப் பெண்களும் சேர்ந்து தெருச்சுவர்களில் வரையும் கலைக்குழு. பெங்களூரு கே.ஆர். மார்க்கெட், கொல்கத்தாவின் சோனாகாச்சி, தில்லியின் லோதி காலனி என்று இக்குழுவின் சுவர்கள் பல நகரங்களில் உள்ளன. 2024இல் நடந்த 60ஆவது வெனிஸ் பைனாலேயின் முதன்மைக் காட்சியில் ‘டயஸ்போர்’ என்ற இவர்களது பெருஞ்சுவரோவியம் இடம்பெற்றது. ‘எங்கும் அந்நியர்கள்’ என்பது அக்காட்சியின் தலைப்பு. அதை நெறிப்படுத்தியவர் பிரேசில் நாட்டு அட்ரியானோ பெத்ரோசா. அப்பொறுப்பை ஏற்ற முதல் லத்தீன் அமெரிக்கர் அவர்; தம்மைப் பால்புதுமையராக வெளிப்படையாக அறிவித்துக்கொண்டவர். கே.ஆர். மார்க்கெட்டின் பூச்சந்தையிலிருந்து வெனிஸ் வரை சென்ற ஓர் ஓவியமரபு இது. அது எளிய செய்தியன்று. அதற்குரிய வாசிப்பு இன்னும் கிடைக்கவில்லை என்பதே வழக்கு.

ஓர் ஒப்பீடு போதும். அதே பெங்களூருவில் பாதல் நஞ்சுண்டசாமி என்னும் தெரு ஓவியர் இருக்கிறார். 2015இல் சாலைப் பள்ளத்தில் தேங்கிய நீரில் ஆளுயர முதலை ஒன்றைச் செய்து வைத்தார். மாநகராட்சி ஓடிவந்து பள்ளத்தை மூடிற்று. 2019இல் நிலவில் நடக்கும் விண்வெளி வீரரைப் போல ஒருவரை இரவில் குண்டும் குழியுமான சாலையில் நடக்கவிட்டுப் படம்பிடித்தார், உலகமே பார்த்தது. அவரைப் பற்றி எழுதுபவர்கள் எதைப் பற்றி எழுதுகிறார்கள்? சாலையைப் பற்றி, ஒப்பந்தக்காரரைப் பற்றி, நகராட்சியின் பொறுப்பின்மையைப் பற்றி. அவர் ஆண் என்பது எவருடைய கட்டுரையிலும் பகுப்பாய்வுக்குரிய செய்தியாக வருவதில்லை. அவரது குழந்தைப்பருவம், உடல், குடும்பம் எவருக்கும் தேவைப்படவில்லை. முதலை முதலையாகவே படிக்கப்பட்டது.

ஒரு திருநங்கை சுவரில் மல்லிகைச் சரத்தை வரைந்தால் அது மல்லிகையாகப் படிக்கப்படுவதில்லை. அது ‘பெண்மையின் உரிமைகோரல்’ ஆகிவிடுகிறது. பறவையை வரைந்தால் ‘விடுதலை வேட்கை’. நீலம் பூசினால் நீலத்துக்கும் ஒரு பாலினம் கிடைக்கிறது. பூச்சந்தையின் சுவரில் பூ வரைவதற்குப் பூச்சந்தையே போதிய காரணம் என்பது ஆய்வாளரின் மனத்துக்கு எட்டுவதில்லை. நஞ்சுண்டசாமிக்கு நகரத்தைப் பற்றிப் பேசும் உரிமை உண்டு. திருநங்கைக்குத் தன்னைப் பற்றிப் பேசும் உரிமை மட்டும் உண்டு. இந்தப் பங்கீட்டைச் செய்தது காவல்துறையன்று. பாராட்டும் நோக்கோடு எழுதிய கல்விப்புலம்.

அந்த இரவுக் காட்சியில் இன்னொன்றும் இருக்கிறது. ஆணாக அறியப்படும் ஓவியர் இரவில் சாலை நடுவே நின்று படம்பிடிக்கலாம். ஒரு திருநங்கை இரவில் அதே சாலையோரம் வண்ணவாளியோடு நின்றால், 1956ஆம் ஆண்டின் ஒழுக்கக்கேடான தொழில் தடுப்புச் சட்டத்தின் 8ஆம் பிரிவு, அதாவது பொதுவிடத்தில் நின்று அழைத்தல் என்னும் குற்றம், அவரருகே நிழலாக நிற்கும். சுவரில் யார் என்ன வரைந்தார் என்பதற்கு முன், சுவருக்கு எதிரில் யார் எவ்வளவு நேரம் நிற்கமுடியும் என்பது கேட்கப்பட வேண்டிய கேள்வி. தெரு ஓவியம் என்னும் கலைவடிவத்தின் முதல் பொருளே அதுதான். கித்தான் அல்ல, தெருவில் நிற்கும் நேரம்.

சுவர் வேலை என்பது என்ன என்பதையும் ஆய்வாளர்கள் மறந்துவிட்டார்கள், ஒருவேளை அறிந்ததேயில்லை. பழைய சுவரொட்டிகளைச் சுரண்டவேண்டும். ஓதம் ஏறிய இடங்களைத் தட்டிப் பார்த்து, உதிரும் காரையைப் பெயர்த்து, பூசிக் காயவிடவேண்டும். வெள்ளையடித்து, கட்டம் போட்டு, நூல் பிடித்து, சாரம் கட்டி ஏறவேண்டும். வெளிச்சுவர் எமல்ஷன் எவ்வளவு நீர் தாங்கும், எந்தச் சிவப்பு இரண்டு வெயில்காலத்தில் வெளுத்துப்போகும் என்பதெல்லாம் கைப்பழக்கத்தால் வரும் அறிவு. அரவாணி குழுவின் ஓவியங்களில் காணும் பெரிய தட்டையான வண்ணப்பரப்புகள், தெளிவான விளிம்புகள், சுவரை நிறைக்கும் முகங்கள் ஆகியவற்றை ‘துணிச்சலின் அழகியல்’ என்று சொல்லிக் கடந்துவிடலாம். ஆனால் அது பல கைகள் ஒரே நேரத்தில் ஒரே சுவரில் வேலை செய்வதற்கு ஏற்ற வடிவம். நேற்றுத் தூரிகை பிடித்தவரும் பத்து ஆண்டு பழகியவரும் பக்கத்தில் பக்கத்தில் நின்று பூசத்தக்க வடிவம். கூட்டுழைப்பைச் சாத்தியமாக்கும் ஒரு தொழில்நுட்பத் தீர்வு. இதைப் பற்றி ஒரு நல்ல கட்டுரை எழுதலாம். அதற்குச் சுவரருகே நிற்கவேண்டும்.

பெங்களூருவில் இதற்கு ஒரு முன்கதையும் உண்டு. 2009இல் மாநகராட்சி நகரத்தின் சுவர்களில் ஹம்பியையும் அருவிகளையும் புலிகளையும் வரையச் செய்தது. வரைந்தவர்கள் பலர் விளம்பரப் பலகைகளும் திரைப்படப் பதாகைகளும் எழுதிப் பிழைத்தவர்கள். ஃப்ளெக்ஸ் அச்சு வந்து தொழில் இழந்தவர்கள். அந்தப் புலிகளைக் கண்டு கலையுலகம் சிரித்தது. அவர்களது பெயர்கள் எழுதப்படாமற் போனதற்குச் சொல்லாமற் சொல்லப்பட்ட காரணம், அது கலையன்று, கூலிவேலை என்பது. இன்று திருநங்கை ஓவியரின் பெயர் ஆய்வேட்டில் வராமற் போவதற்கு நேர்மாறான காரணம் தரப்படுகிறது: அது ஒருவரின் வேலையன்று, சமூகத்தின் குரல். ஒருவர் தொழிலாளி என்பதால் பெயரற்றவர். இன்னொருவர் சமூகத்தின் பிரதிநிதி என்பதால் பெயரற்றவர். பெயர் மட்டும் இருவருக்கும் இல்லை. ஆய்வாளரின் பெயரோ முதற்பக்கத்தில், நெறியாளர் பெயருக்கு மேலே.

கே.ஆர். மார்க்கெட்டில் இக்குழு எழுதிய கன்னடச் சொற்கள் பரவலாகப் பேசப்பட்டவை: ‘நாவு இத்தீவி’. ஆங்கிலத்தில் அது இருத்தலியல் அறிவிப்பாக மொழிபெயர்க்கப்பட்டு, அந்த மொழிபெயர்ப்பே ஆய்வுகளில் மேற்கோளாகி, அதன்மேல் மாடிமாடியாகக் கோட்பாடு எழுப்பப்படுகிறது. தமிழறிந்தவர்களாவது நின்று யோசித்திருக்க வேண்டும். ‘இரு’ என்பது தமிழுக்கும் கன்னடத்துக்கும் பொதுவான வேர். அதற்கு உளதாதல் என்பது ஒரு பொருள்தான். தங்குதல், குடியிருத்தல், உட்காருதல், காத்திருத்தல் எல்லாம் அதே வினைக்குள் அடங்கும். ‘எங்கே இருக்கிறீர்கள்?’ என்று ஒருவரைக் கேட்டால் அவர் தம் உள்பொருளை விளக்குவதில்லை, தெருப்பெயர் சொல்கிறார். ‘நாங்கள் இருக்கிறோம்’ என்று சந்தைச் சுவரில் எழுதியவர்கள் ‘எங்களுக்கு இருப்பு உண்டு’ என்று தத்துவவாதிகளுக்குத் தெரிவித்தார்கள் என்று கொள்வதைவிட, ‘இங்கேதான் குடியிருக்கிறோம், போகமாட்டோம்’ என்று நகரத்துக்குச் சொன்னார்கள் என்று கொள்வதே அவ்விடத்துக்கும் அம்மொழிக்கும் பொருந்தும். திருநங்கைக்கு வீடு தர மறுப்பதும், தந்தால் கூடுதல் வாடகை கேட்பதும் நாட்டின் எந்த நகரத்துக்கும் புதிதன்று. அச்சுவர் வாடகையைப் பற்றியது. அதை மெய்யியலாக்கியது ஆங்கிலம். அதற்கு மதிப்பெண் போட்டது பல்கலைக்கழகம்.

இது பெங்களூருவுக்கு மட்டும் நேர்ந்ததன்று. சான்ஃபிரான்சிஸ்கோவின் மிஷன் பகுதியில் ‘காலெரியா தெ லா ராசா’ என்ற லத்தீன் அமெரிக்கச் சமூகக் கலைக்கூடம் 1970இல் தொடங்கப்பட்டது. 2015 ஜூனில் அதன் வெளிச்சுவரில் ‘போர் விதா’ என்ற டிஜிட்டல் சுவரோவியம் வைக்கப்பட்டது. வடிவமைத்தவர் லாஸ் ஏஞ்சலிஸின் ‘மாரிகோன் கலெக்டிவ்’ குழுவைச் சேர்ந்த மானுவெல் பால். ஓர் ஆணிணை, ஒரு பெண்ணிணை, நடுவே மார்பில் அறுவைத் தழும்புகளோடு ஒரு திருநம்பி. மூவகையினரும் அந்தத் தெருவின் மெக்சிக்க வம்சாவளி இளைஞர்களின் உடையிலும் தோரணையிலும். சில நாள்களில் அதன்மேல் வண்ணம் தெளித்துச் சிதைத்தார்கள். மீண்டும் வைத்தார்கள், மீண்டும் சிதைத்தார்கள். ஜூன் 26இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் தற்பாலினத் திருமணத்தை நாடெங்கும் ஏற்றது. அடுத்த சில நாள்களில் இந்தச் சுவருக்குத் தீ வைக்கப்பட்டது. கலைக்கூடம் விடாமல் மறுபடியும் ஓவியத்தை ஏற்றிற்று.

இக்கதையை இத்தோடு நிறுத்திக்கொள்வதே வழக்கம். அடையாளம், வெறுப்பு, மீட்சி என்று அது அழகாக முடிந்துவிடுகிறது. ஆனால் 2018இல் வாடகை உயர்வைத் தாங்கமுடியாமல் அதே கலைக்கூடம் நாற்பதாண்டுகளுக்கு மேலாக இருந்த அந்த இடத்தைவிட்டு வெளியேறிற்று. தீயால் அகற்றமுடியாத ஓவியத்தின் சுவரை வாடகை அகற்றியது. ‘போர் விதா’ விவாதத்தின்போதே அப்பகுதியினர் சிலர் வெளியேற்றத்தைப் பற்றிப் பேசினார்கள். அது வெறுப்பை மறைக்கும் சாக்கு என்று தள்ளப்பட்டது. சிலரது வாயில் அது சாக்காகவும் இருந்திருக்கலாம். ஆனால் மூன்றாண்டு கழித்து வந்த வாடகைச் சீட்டு சாக்கன்று. பால்புதுமையர் தெருக்கலையை அடையாளத்தின் கதையாக மட்டும் சொல்பவர்கள், அதன் கடைசி அத்தியாயத்தை எப்போதும் தவறவிடுகிறார்கள்.

பெங்களூருவின் கடைசி அத்தியாயம் சட்டப் புத்தகத்தில் இருக்கிறது. 2011இல் கர்நாடகக் காவல் சட்டத்தில் 36ஏ என்ற பிரிவு சேர்க்கப்பட்டது. காவல் ஆணையர் தம் எல்லைக்குள் வாழும் ‘அலிகளின்’ பதிவேட்டை வைத்துக்கொள்ளவும் அவர்களது நடமாட்டத்தைக் கட்டுப்படுத்தவும் அது இடமளித்தது. 1871ஆம் ஆண்டின் குற்றப்பரம்பரைச் சட்டத்தின் இரண்டாம் பகுதியை நூற்றுநாற்பது ஆண்டு கழித்து ஒரு மாநிலம் நகலெடுத்தது. எதிர்த்து வழக்காடிய பின்னரே, 2016இல், அச்சொல் நீக்கப்பட்டது. அதாவது இந்தச் சுவரோவியக் குழு பிறந்த அதே ஆண்டில். சுவரில் திருநங்கையர் முகம் வந்ததும் காவல் நிலையப் பதிவேட்டிலிருந்து அவர்களைக் குறித்த சொல் போனதும் ஒரே ஆண்டு என்பதை வைத்தே ஓர் ஆய்வேடு எழுதலாம். இரண்டாவதைச் செய்தவர்கள் பாலியல் சிறுபான்மையர் அமைப்புகளும் வழக்கறிஞர்களும். அவர்களைப் பற்றிக் கலைவரலாற்றுத் துறைகளில் ஒரு வரியும் கிடையாது.

வரி என்றதும் இன்னொன்று. கர்நாடகத்தில் 1975ஆம் ஆண்டின் பிச்சையெடுத்தல் தடைச் சட்டம் நடப்பில் உள்ளது. அதன்படி சொத்துவரியோடு 3 விழுக்காடு மேல்வரி வசூலிக்கப்படுகிறது. பெங்களூருவில் வீட்டுக்கும் கடைக்கும் தொழிற்சாலைக்கும் வரி கட்டுபவர் ஒவ்வொருவரும் அதைக் கட்டுகிறார். அத்தொகையால் நடப்பது மாகடி சாலையிலுள்ள இரவலர் மறுவாழ்வு மையம். 2010இல் தொடர் மரணங்களால் செய்தியில் அடிபட்ட அதே இடம். 2014 ஏப்ரல் 15இல் உச்ச நீதிமன்றம் நால்சா வழக்கில் திருநர் பாலினத்தை அங்கீகரித்தது. அதே ஆண்டு நவம்பரில் பெங்களூரு காவல்துறை 150க்கும் மேற்பட்ட திருநங்கையரைத் தெருக்களிலிருந்து அள்ளிக்கொண்டு போய் அம்மையத்தில் அடைத்தது. தீர்ப்புக்கும் கைதுக்கும் இடையே ஏழு மாதம்.

ஆக, தனியார் சுவரில் திருநங்கையின் முகம் ஒளிரும்போது, அந்தச் சுவர் சேர்ந்த கட்டடத்தின் சொத்துவரியில் ஒரு பகுதி அவரைத் தெருவிலிருந்து அப்புறப்படுத்தும் ஏற்பாட்டுக்குப் போகிறது. இது உருவகமன்று, ரசீதில் இருக்கும் தொகை. சுவரைப் பனுவலாகப் படிக்கலாம் என்று கற்பிப்பவர்கள் இந்த வரியைப் படித்ததில்லை. அனுமதியின்றிப் பொதுப்பார்வையிலுள்ள இடத்தில் எழுதுவதையும் ஒட்டுவதையும் தண்டிக்கும் 1981ஆம் ஆண்டின் திறந்தவெளி அழகுகெடுத்தல் தடுப்புச் சட்டமும் அதே மாநிலத்தில் இருக்கிறது. ஆகவே யாருடைய அனுமதி, யாருடைய கடிதம், யாருடைய செலவு என்ற கேள்விகள் நிர்வாகச் சில்லறைகள் அல்ல. எந்த ஓவியம் கலை, எந்த ஓவியம் குற்றம் என்பதை அவையே தீர்மானிக்கின்றன.

கே.ஆர். மார்க்கெட்டிலிருந்து ஓசூர்ச் சாலையில் தெற்கே செல்லும் பேருந்து ஹெப்பகோடி, பொம்மசந்திரா, சந்தாபுரம், அத்திப்பள்ளி என்று ஆனேக்கல் வட்டத்துக்குள் நுழைகிறது. மாவட்டம் அதே பெங்களூரு நகர்ப்புறம்தான். ஆனால் சுவரோவிய ஆய்வின் வரைபடம் இங்கே வருவதில்லை. வெனிஸ் வரை சென்றவர்கள் ஆனேக்கல்லுக்கு வராததற்குக் காரணம் தொலைவன்று. இங்கே கொண்டாடத்தக்க சுவர் இல்லை. இங்குள்ளது தொழிற்பேட்டைச் சுற்றுச்சுவர். சிமென்ட் விளம்பரம், மனைவிற்பனை, ‘இங்கு சிறுநீர் கழிக்காதீர்’. சாலை சந்திப்புகளிலும் கடைகளிலும் கைதட்டிக் காசு கேட்கும் திருநங்கையர் இருக்கிறார்கள். அவர்களுள் தமிழ்நாட்டிலிருந்து வந்தவர்களும் உண்டு.

அடையாளம் என்ற சொல்லின் நிர்வாகப் பொருளை அறிய ஆனேக்கல்லைவிட நல்ல இடம் கிடையாது. எல்லைக்கு அந்தப் பக்கம், ஓசூரில், 2021 முதல் திருநங்கையர் சாதாரண நகரப் பேருந்தில் கட்டணமின்றிப் பயணம் செய்யலாம். இந்தப் பக்கம், 2023 ஜூன் 11 முதல் ‘சக்தி’ திட்டத்தில் பெண்களுக்கும் திருநங்கையருக்கும் இலவசப் பயணம். ஆனால் கர்நாடக முகவரியுள்ள அடையாள அட்டை வேண்டும். தமிழ்நாடு 2008இல் நாட்டிலேயே முதன்முதலாக நலவாரியம் அமைத்த மாநிலம். அந்த வாரியத்தின் அட்டை அத்திப்பள்ளியைத் தாண்டினால் வெறும் தாள். கர்நாடகம் 2021இல் அரசுப்பணியில் திருநருக்கு 1 விழுக்காடு ஒதுக்கீடு தந்த முதல் மாநிலம். அதன் பயனும் முகவரி இல்லாதவரை எட்டாது. இரு மாநிலங்களும் முன்னோடிகள். இரண்டுக்கும் நடுவே, சில கிலோமீட்டர் நிலத்தில், ஒரே உடல் ஒருபக்கம் பயனாளி, மறுபக்கம் முகவரியற்றவர். முகவரிக்கு வாடகை ஒப்பந்தம் வேண்டும். ஒப்பந்தத்துக்கு வீடு தரும் ஆள் வேண்டும். ‘இருக்கிறோம்’ என்ற வினைச்சொல் இங்கே மறுபடியும் வந்து நிற்கிறது. திருநங்கையின் அடையாளத்தை உடலில் தேடும் ஆய்வாளருக்கு, அரசு அதை முகவரியில் தேடுகிறது என்பது தெரிந்திருக்க வேண்டும்.

2025 ஆகஸ்டில் திறக்கப்பட்ட மெட்ரோவின் மஞ்சள் தடம் பொம்மசந்திராவில் முடிகிறது. அதன் நிலையங்கள் சில நிறுவனங்களின் பெயரைத் தாங்குகின்றன: பயோகான் ஹெப்பகோடி, டெல்டா எலக்ட்ரானிக்ஸ் பொம்மசந்திரா. பணம் கொடுத்தவரின் பெயர் நிலையத்தின் நெற்றியிலும் வரைபடத்திலும் அறிவிப்புக் குரலிலும் இருக்கிறது. பொதுவெளியில் பெயர் பொறிப்பது இயலாததன்று, விலையுள்ளது என்பது இதனால் தெளிவாகும். ஒரு சுவரை வரைந்த ஆறு பேரின் பெயரை அச்சுவரின் கீழ் மூலையில் எழுதுவதற்கு அரை லிட்டர் வண்ணம் மிகுதி.

இனி, மரபுக்காரர்கள். ஆனேக்கல் என்றதும் இவர்கள் கரகத்தைக் கொண்டுவருவார்கள். இங்குள்ள தர்மராயர் கோயிலிலும் பெங்களூருவின் திகளர்பேட்டையிலும் நடக்கும் கரகத் திருவிழாவில், கரகம் சுமக்கும் ஆண் சேலை, வளையல், தாலி பூண்டு திரௌபதியாகத் தெருவில் வருகிறார், உருவிய வாளோடு வீரகுமாரர்கள் உடன்வருகிறார்கள், ஊரே கும்பிடுகிறது. திகளர் தமிழ் மூலத்தவர். திரௌபதி வழிபாடும் கூவாகத்து அரவான் வழிபாடும் ஒரே நாட்டார் பாரத மரபின் கிளைகள். இவையெல்லாம் உண்மை; அழகானவையும்கூட. ஆல்ஃப் ஹில்டபெய்டல் போன்றவர்கள் வாழ்நாளைச் செலவிட்டுத் துலக்கியவை. ஆனால் இதிலிருந்து ‘நம் மரபு பால்புதுமையரை என்றும் ஏற்றது’ என்று முடிவுகட்டுவது ஏமாற்று. கரகம் சுமப்பவர் திருவிழா முடிந்து ஆணாகத் திரும்புகிறார். அந்தத் திரும்புதலே அவரது பெண்வேடத்துக்குக் கிடைத்த அனுமதிச் சீட்டு. திரும்பாதவரை அதே தெரு அடுத்த நாள் காலையில் விரட்டுகிறது. ஓரிரவு திரௌபதிக்கு வழிவிட்ட காவலர்தான் மறுநாள் சந்திப்பில் நிற்பவரை வண்டியில் ஏற்றுகிறார். இரண்டையும் ஒரே பத்தியில் எழுதத் துணியாத மானிடவியல், சுற்றுலாத் துறையின் துண்டறிக்கைக்கு அடிக்குறிப்பாக மட்டுமே பயன்படும்.

இதற்கு ஒரு வலுவான மறுப்பு உண்டு. அதைத் தட்டிக்கழிக்கக் கூடாது. ஓவியர்களே தங்களைத் திருநங்கையராக அறிவித்துக்கொண்டுதானே வரைகிறார்கள். குழுவின் பெயரிலேயே அடையாளம் இருக்கிறதே. அதைப் பேசாதே என்று சொல்வது பழைய மறைப்புக்குத் திரும்புவது ஆகாதா? ஆகாது. தன் அடையாளத்தைத் தானே சொல்வது ஒரு செயல். அதைத் தவிர வேறொன்றையும் அவரிடம் கேளாமலிருப்பது வேறொரு செயல். அ. ரேவதியின் ‘வெள்ளை மொழி’ இதற்குச் சான்று. நாமக்கல் பக்கத்திலிருந்து புறப்பட்டுத் தில்லி, மும்பை வழியே பெங்களூரு வந்து, சங்கமா அமைப்பில் பணியாற்றி, தன் வாழ்வைத் தானே எழுதியவர் அவர். அந்நூலில் காவல் நிலையம் வருகிறது, குடும்பச் சொத்து வருகிறது, வாடகை வீடு வருகிறது, அலுவலக வேலையும் சம்பளமும் அங்கிருந்த மனத்தாங்கலும் வருகின்றன. வகுப்பறையில் படிக்கப்படுவது பெரும்பாலும் அறுவைச் சிகிச்சைப் பகுதி. முழு வாழ்வையும் எழுதியவரிடமிருந்து ஒரு தழும்பை மட்டும் வெட்டியெடுத்துக் கோட்பாட்டுக் கட்டுரையில் ஒட்டுகிறார்கள்.

‘அரவாணி’ என்ற பெயரைப் பற்றியும் தமிழ்நாட்டு ஆய்வாளர்கள் உதட்டைச் சுழிப்பதுண்டு. அது ஒரு புராணத்தோடு கட்டப்பட்ட பெயர்; அச்சமூகமே அதைவிட்டுத் ‘திருநங்கை’க்கு வந்துவிட்டது; பெங்களூருக்காரர்களுக்கு இது தெரியாதா என்பது அவர்களது கேள்வி. நியாயமான கேள்வி. நலவாரியமே அரவாணிகள் என்று தொடங்கித் திருநங்கையர் என்று மாறியதுதான். சென்னை உயர் நீதிமன்றத்தின் தலையீட்டால் 2022இல் தமிழ்நாடு அரசு சொற்களஞ்சியமே வெளியிட்டது. ‘பால்புதுமையர்’ என்ற சொல்லுக்கு அரசிதழ் மதிப்பு வந்தது. எல்லாம் நல்லதே. ஆனால் சொல்லைத் திருத்துவதில் காட்டும் இந்தக் கூர்மை, ஓர் ஓவியருக்கு நாட்கூலி எவ்வளவு என்று கேட்பதில் ஏன் காணப்படவில்லை? சொல் திருத்தம் இலவசம் என்பதாலா?

நிறுவனங்களைத் திட்டுவது எளிது. ஜூன் மாதம் வந்தால் வானவில் பூசி, ஜூலையில் வெள்ளையடிக்கும் அலுவலகச் சுவர்களைக் கேலிசெய்யாத முனைவர் பட்ட மாணவர் கிடையாது. ஆனால் நிறுவனம் சுவருக்காவது காசு கொடுக்கிறது. பல்கலைக்கழகம் என்ன கொடுத்தது? சுவரோவியத்தின் ஒளிப்படத்தை அட்டைப்படமாகப் போட்டது, நேர்காணலுக்குப் பாதிநாள் வேலை கெடுத்தது, ஒப்புதல் படிவத்தில் ஆங்கிலத்தில் கையொப்பம் வாங்கியது, நன்றியுரையில் ‘தங்கள் வாழ்வைப் பகிர்ந்துகொண்ட தோழியர்’ என்று பன்மையில் முடித்தது. கருத்தரங்குக்கு அழைத்தால் ‘வாழ்வனுபவம்’ பேச அழைக்கிறது. அதே ஓவியரைச் சுவர்ப்பூச்சு பற்றியோ வண்ணத்தேர்வு பற்றியோ வகுப்பெடுக்கச் சொல்லி, வருகைதரு ஆசிரியருக்குரிய மதிப்பூதியம் தந்த நுண்கலைத் துறை எத்தனை? அழ அழைக்கும் துறைகள் கற்பிக்க அழைப்பதில்லை.

ஆகவே அடுத்த வாய்மொழித் தேர்வில், பால்புதுமையர் பொதுக்கலை பற்றிய ஆய்வேடு மேசைக்கு வரும்போது, தேர்வாளர்கள் ஜூடித் பட்லரை எத்தனையாவது அத்தியாயத்தில் கையாண்டிருக்கிறீர்கள் என்று கேட்பதை ஒருமுறை நிறுத்திவைக்கலாம். இந்தச் சுவர் யாருடையது? அனுமதிக் கடிதத்தில் யார் ஒப்பமிட்டார்? வரைந்தவர்கள் எத்தனை பேர், அவர்களுள் எத்தனை பேரின் பெயர் உமக்குத் தெரியும்? நாளொன்றுக்கு என்ன கிடைத்தது? வரைந்து முடித்த இரவு அவர்கள் எந்த வண்டியில் எங்கே திரும்பினார்கள்? சுவர் இப்போது எப்படி இருக்கிறது; போய்ப் பார்த்தீரா? விடை தெரியாத மாணவரைத் திருப்பியனுப்புவது கொடுமையன்று. பதினேழாம் நூற்றாண்டு மதுரை நாயக்கர் ஓவியத்தைப் பற்றி எழுதுபவரிடம் புரவலர், கலைஞர், கல்வெட்டு, காலம் என்று இதே கேள்விகளைத்தான் கேட்கிறோம். கூடம் நிறைய ஆள் இருக்கும் ஒரு கலைக்கு மட்டும் ஏன் சலுகை?

ஆனேக்கல் வட்டத்தில் சுவருக்குப் பஞ்சமில்லை. ஹெப்பகோடியிலிருந்து அத்திப்பள்ளி வரை சாலையின் இருபுறமும் நிற்கின்றன. ஒவ்வொரு கட்டடத்துக்கும் கட்டப்பட்ட சொத்துவரி எவ்வளவு, அதில் பிச்சையெடுத்தல் தடைச் சட்டத்துக்கான 3 விழுக்காடு எவ்வளவு, எந்தக் கணக்குக்குப் போயிற்று என்பவை உள்ளாட்சி அலுவலகங்களில் உள்ளன. தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின்கீழ் விண்ணப்பக் கட்டணம் 10 ரூபாய்.